முகவரி மாற்றம்

கன்னியப்பன் மூச்சு இழுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. டாக்டர் பிரமிளா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி தேசம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"விடிய விடிய இப்படித்தான் டாக்டரம்மா. படுத்தா மூச்சு நின்னுடும்ன்றாரு. குந்திக்கினே கிடக்கறாரு."

பிரமிளா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். வலது நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றே போகவில்லை. நிமோனியா. ஆக்சிஜனும் நரம்பு வழியாக மருந்தும் கொடுத்தால் இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். வீட்டிலேயே விட்டால் நாளை மாலையைப் பார்ப்பது சந்தேகம்.

"ரெஜினா, ஆம்புலன்ஸுக்கு அனுமதி கேளு."

செவிலியர் ரெஜினா டேப்லெட்டைக் கன்னியப்பனின் மணிக்கட்டருகே கொண்டுபோனாள். அறுபதைத் தாண்டிய எல்லோருக்கும் முதியோர் நல வாரியம் ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருந்தது. ஜனங்கள் அதைக் காப்பு என்றார்கள். நாடி, ஆக்சிஜன், தூக்கம், நடை எல்லாம் அதன் வழியே வாரியத்தின் கணினிக்குப் போகும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அது முடிவு செய்யும். அது சம்மதித்தால்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, தனியார் ஆனாலும் சரி.

ரெஜினா திரையைப் பார்த்தாள். பிறகு தேசம்மாவின் கண்ணில் படாமல் அதைப் பிரமிளாவிடம் நீட்டினாள்.

வீட்டிலேயே ஆறுதல் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

ஆறுதல் சிகிச்சை என்றால் வலி தெரியாமல் இருக்கச் சொட்டு மருந்து; கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ். சாகப்போகிறவர்களுக்கானது. கன்னியப்பனுக்கு வயது அறுபத்தாறு.

பிரமிளா வாசலுக்கு வந்து நிரஞ்சனுக்குப் போன் செய்தார். ஒரு காலத்தில் அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன். இப்போது வாரியத்தின் தொழில்நுட்பத் தலைவன்.

"மேடம், அவருக்கு அறுபத்தாறுன்னு நீங்க சொல்றீங்க. சிஸ்டம் உடல் வயசைத்தான் பார்க்குது. அது எண்பத்து நாலு காட்டுது."

"எப்படிக் காட்டும்? போன வாரம்கூடப் படகுல வலை ஏத்தினவர் அவர். நான் மாசாமாசம் வந்து பார்க்கிற நோயாளி."

"பாதிக் கணக்கு காப்பிலிருந்து வருது. மீதி முகவரியிலிருந்து."

"முகவரியிலிருந்தா?"

நிரஞ்சன் கொஞ்சம் தயங்கினான். "சுற்றுப்புற மதிப்புன்னு ஒண்ணு சேர்த்திருக்காங்க. எந்தத் தெருவுல, எந்தக் கட்டடத்துல மனுஷ உடம்பு எவ்வளவு சீக்கிரம் தேயுதுங்கிற கணக்கு. அது உங்க ஆராய்ச்சிதான், மேடம்."

பிரமிளா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

முதியோர் மருத்துவம் படித்துவிட்டு வந்த புதிதில் அவருக்கு ஆஸ்பத்திரி வேலை அலுத்துப்போனது. நடக்க முடியாத கிழவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையில் நிறுத்தி, மாத்திரை வாங்கித் திரும்பக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். அப்படிப் போன இடம்தான் எண்ணூர்ப் பக்கத்துச் சின்னக்கழி குப்பம். அங்கே அறுபது வயதுக்காரர்களின் சிறுநீரகமும் எலும்பும் எண்பது வயதுக்காரர்களுடையதைப் போல இருந்தன. காற்றில் சாம்பல், தண்ணீரில் உப்பு, வாழ்நாளெல்லாம் சுமை. தான் குடியிருந்த அடையாற்றில் அதே வயதுக்காரர்கள் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் வீடு வீடாகப் போய்ப் பல வருடங்கள் அளந்தார். இந்த ஜனங்கள் நம்மைவிட வேகமாகத் தேய்கிறார்கள், இவர்களுக்குத்தான் டாக்டர்கள் அதிகம் வேண்டும் என்று எழுதினார். பரிசு கொடுத்தார்கள். கமிட்டியில் போட்டார்கள்.

கணினியும் அதைப் படித்தது. வேகமாகத் தேய்கிறவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து என்ன பலன் என்று அது புரிந்துகொண்டது.

"நிரஞ்சன், நான் எதுக்காக அதை எழுதினேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம். ஆனா கணக்கு துல்லியமா இருக்கு. அங்க இருக்கிறவங்க சீக்கிரம் சாகத்தான் செய்றாங்க."

"சிகிச்சை கிடைக்காம சாகிறாங்க."

"அதை சிஸ்டம் பிரிச்சுப் பார்க்காது."

பிரமிளா உள்ளே வந்தார். கன்னியப்பனின் தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. பிரமிளா ரெஜினாவின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்க்கிற மருத்துவர் நோயாளியின் முகவரியை மாற்றலாம். வயதானவர்கள் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வசதி இருந்தது. கன்னியப்பனின் முகவரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தட்டினார்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "மேடம், இது உங்க வீடு."

"ஆமா."

திரை ஒரு நொடி வெளுத்தது. உடல் வயது அறுபத்தொன்பது. அவசர அனுமதி. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது.

அந்த மனிதரின் உடம்பில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அதே காய்ச்சல், அதே நீல உதடு. மாறியது முகவரி மட்டும்தான்.

கன்னியப்பன் பிழைத்து வந்தார். திரும்பி வந்ததும் வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டு, "இன்னா டாக்டரம்மா, ஊசி குத்தியே கையைச் சல்லடையாக்கிட்டாங்க" என்று குறைபட்டுக்கொண்டார்.

பிரமிளா வாரியத்துக்கு எழுதினார். நேரில் போய்ப் பேசினார். எல்லோரும் மரியாதையாகக் காபி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மறுபரிசீலனையில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இதற்கிடையே குப்பத்தில் சர்க்கரை நோயில் புண்ணான காலோடு ஒருத்தி கிடந்தாள். சிறுநீர் அடைத்துக்கொண்டு ஒருவர் துடித்தார். பிரமிளா அவர்களுடைய முகவரிகளையும் மாற்றினார். பிறகு மற்றவர்களுடையதையும். அவருடைய இரண்டு படுக்கையறை வீட்டில், கணினியைப் பொறுத்தவரை, குப்பத்தின் பாதிக் கிழவர்கள் குடியேறிவிட்டார்கள்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டாங்கன்னா படுக்கப் பாய் போதாது மேடம்" என்றாள் ரெஜினா. பிரமிளா சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை டேப்லெட்டைத் திறக்கும்போதும் ஏதாவது எச்சரிக்கை வந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார்.

ஒரு நாள் அது வந்தது. அந்த முகவரியில் குடியிருப்போரைக் கள அலுவலர் நேரில் சரிபார்ப்பார் என்று திரையில் ஒரு வரி. பிரமிளா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. அழைப்புமணி அடித்தால் கதவுத் துளை வழியே பார்த்துவிட்டுத்தான் திறந்தார். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது யாரும் வரவில்லை. வார இறுதியில், சரிபார்க்கப்பட்டது என்று திரை சொன்னது. யாரோ சோம்பேறி அலுவலர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு ஒரே ஒரு நண்பர் உண்டு. எதிர்வீட்டுத் தணிகாசலம். குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வக்கீலான மகள் மிருதுளாவோடு இருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். காலையில் இருவரும் ஒன்றாக நடப்பார்கள். தண்ணீர்க் குழாய்களைப் பற்றி அவர் ஓயாமல் பேசுவார், பிரமிளா ஓயாமல் கேட்பார். முகவரி விஷயத்தை மட்டும் பிரமிளா அவரிடம் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் தேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். பல வருடங்களாக அவள் கவனிக்காமல் விட்டிருந்த குடலிறக்கம் இறுகிவிட்டது. சிக்கிக்கொண்ட குடல் செத்துக்கொண்டிருந்தது. உடனே அறுக்க வேண்டும். அவளும் இப்போது அடையாற்றுக்காரிதான் என்பதால் அனுமதி கிடைத்தது. ரெஜினா அவளோடு ஆம்புலன்ஸில் போனாள். பிரமிளா கன்னியப்பனோடு குப்பத்தில் இருந்தார். அந்த மனிதரின் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது.

மாத்திரை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மிருதுளா போனில் வந்தாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு வாய் கோணிடுச்சு. வலது கை தூக்க முடியல. கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். ஸ்கேன் எடுத்தாச்சு. ரத்தக்கட்டிதானாம், கரைக்கிற ஊசி போட்டா சரியாயிடும்ங்கறாங்க. ஆனா போட மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"காப்பு ஒத்துக்கலையாம். ஆறுதல் சிகிச்சைன்னு வருதாம். உடல் வயசு தொண்ணூறுக்கு மேலங்குது. போன மாசம் செக்கப்ல எழுபதுன்னு வந்தது ஆன்ட்டி. நான் என் பணத்தைக் கட்டறேன்னுகூடச் சொல்லிட்டேன். சட்டப்படி முடியாதுங்கறாங்க. என்ன நடக்குதுன்னே புரியல."

பிரமிளாவுக்குப் புரிந்தது. சுற்றுப்புற மதிப்பைக் கணினி அவ்வப்போது புதிதாகப் போடும். இன்று தேசம்மாவுக்கு அனுமதி கொடுத்த பிறகு போட்டிருக்க வேண்டும்; ஏற்கெனவே கொடுத்த அனுமதியை அது தொடாது. அந்தக் கட்டடத்தில் நிமோனியா, புண், சிறுநீரகக் கோளாறு என்று நோய்கள் குவிந்திருந்தன. மனித உடம்பு சீக்கிரம் தேய்கிற இடம் என்று அது அந்தக் கட்டடத்தைக் குறித்துக்கொண்டுவிட்டது.

"மிருதுளா, அங்கேயே இரு. நான் பேசறேன்."

நிரஞ்சனைக் கூப்பிட்டார். தணிகாசலத்தின் பெயரைச் சொன்னார்.

"கையால திறக்கலாம் மேடம். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா காரணம் பதிவு பண்ணணும். சிஸ்டம் ஏன் தப்பு?"

"முகவரி தப்பா இருந்தா?"

"எப்படித் தப்பு? அவர் அங்க இல்லையா?"

"அவர் இருக்கார். மத்தவங்க இல்லைன்னு வெச்சுக்கோ."

நிரஞ்சன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேடம், நீங்க அதைச் சொன்னீங்கன்னா நான் பதிவு பண்ணியே ஆகணும். பதிவான அந்த நிமிஷமே அந்த முகவரியில இருக்கிற எல்லாருடைய அனுமதியும் நின்னுடும். ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"திரும்பக் கூப்பிடறேன்."

ரெஜினாவை அழைத்தார். "தேசம்மா எங்கே?"

"ஆபரேஷன் தியேட்டர் வெளியில மேடம். முன்னாடி ஒரு கேஸ் ஓடிக்கிட்டு இருக்கு. அது முடிஞ்சதும் காப்பை ஸ்கேன் பண்ணி உள்ள எடுப்பாங்க. உள்ள போயிட்டா அப்புறம் கேள்வி கிடையாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்போ முடிஞ்சிடும்னுதான் சொல்றாங்க. ஏன் மேடம், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் மூளை எவ்வளவு சாகும் என்று பிரமிளா பல வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறார். மாணவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகவே அந்த எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவார். இப்போது அந்த எண்ணை நினைக்காமலிருக்கப் பார்த்தார்.

கன்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்களால வேற யாரு உசுருக்காவது ஆபத்தா டாக்டரம்மா?"

பிரமிளா போனைப் பார்த்தபடி தலையசைத்தார்.

"தேசம்மாவை அறுக்காம வுட்டா?"

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள..."

அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் எதிர்ல இருந்தா உங்களுக்கு யோசனை ஓடாது. வெளிய குந்திக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வாசலைத் தாண்டியதும் அவர் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிரமிளாவின் கையில் போன் இருந்தது. நிரஞ்சனின் பெயர் திரையில் இருந்தது. தொட்டால் போதும். தணிகாசலம் பேசுகிற மனிதர். வாயைத் திறந்தால் மூடாத மனிதர். அந்தப் பேச்சு இருக்கிற இடத்தில்தான் இப்போது ரத்தம் ஓடாமல் நிற்கிறது. மிருதுளா மறுபடி அழைத்தாள். பிரமிளா எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அடித்தது.

பிறகு ரெஜினா. "உள்ள எடுத்துட்டாங்க மேடம்."

பிரமிளா நிரஞ்சனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "பதிவு பண்ணிட்டேன் மேடம். ஊசிக்குச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

தேசம்மா பிழைத்தாள். தணிகாசலமும் பிழைத்தார். ஆனால் வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு போய்விட்டது.

அடையாற்றில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு ஊசி மறுக்கப்பட்ட செய்தி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. இத்தனை வருடம் குப்பத்தைப் பற்றிப் பிரமிளா எழுதியபோது வராத கேமராக்கள் கட்டடத்து வாசலில் வந்து நின்றன. மிருதுளா வழக்குப் போட்டாள். பிரமிளா சாட்சிக்கூண்டில் ஏறி, முகவரிகளை மாற்றியது தான்தான் என்று சொன்னார். ஒரே உடம்புக்கு இரண்டு முகவரியில் இரண்டு வயது வருவதை நீதிமன்றம் கண்ணெதிரே பார்த்தது. சுற்றுப்புற மதிப்பைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மருத்துவக் கவுன்சில் பிரமிளாவின் உரிமத்தை நிறுத்திவைத்தது.

எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

தீர்ப்பு வந்த மறுநாள் பிரமிளா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். மிருதுளா அவரைக் கட்டிக்கொண்டாள். "வாங்க ஆன்ட்டி. ஜெயிச்சுட்டோம்." கூடத்து ஜன்னலோரம் தணிகாசலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரமிளா உட்காரவில்லை. நின்றுகொண்டே, அந்தக் காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மிருதுளாவின் அழைப்பை எடுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார்.

மிருதுளா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அந்த முகவரி விஷயம் அப்பாவுக்கு முன்னாடியே தெரியும் ஆன்ட்டி" என்றாள் கடைசியில்.

"என்ன?"

"சரிபார்க்க ஒரு அலுவலர் வந்தார். நீங்க வீட்ல இல்லை. சங்கச் செயலாளர்னு இங்க வந்தார். ஒரு வீட்ல இத்தனை பேரான்னு கேட்டார். அப்பா கூசாம, ஆமா சார், எல்லாரும் பார்க்குக்கு வாக்கிங் போயிருக்காங்கன்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் போனதும் என்கிட்ட, டாக்டர் ஏதோ பண்றாங்க, நல்லதாத்தான் இருக்கும், நீ கேட்காதேன்னார்."

பிரமிளா தணிகாசலத்தைப் பார்த்தார். அந்த மனிதரின் இடப்பக்க உதடு லேசாக அசைந்தது.

"அதுக்காக இது சரியாயிடாது" என்றாள் மிருதுளா. "அவர் பொய் சொன்னது யாரோ பிழைக்கணும்னு. அவரோட பேச்சைக் கொடுக்கிறேன்னு அவர் சொல்லல. நான் ஒண்ணு கேட்கறேன். தியேட்டர் வாசல்ல நின்னது எங்கப்பாவா இருந்து, ஊசிக்குக் காத்திருந்தது அந்தம்மாவா இருந்திருந்தா? அப்பா உள்ள போற வரைக்கும் அவங்களைக் காக்க வெச்சிருப்பீங்களா?"

வக்கீல் கேட்கிற கேள்வி. ஆனால் அவள் பதிலை எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

"காக்க வெச்சிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை" என்றார் பிரமிளா. "உண்மையா சொன்னா, எனக்குத் தெரியல."

மிருதுளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வந்தா கதவைத் திறப்பேன் ஆன்ட்டி. அதுக்கு மேல இப்போ என்கிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்க."

பிரமிளா தலையசைத்துவிட்டுத் திரும்பினார். அப்போது பின்னால் ஒரு சத்தம் வந்தது. தொண்டையிலிருந்து புறப்பட்டு, வாய்க்கு வரும் வழியில் சிக்கிக்கொண்ட சத்தம். தணிகாசலம் இடது கையால் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அந்..." என்றார். மறுபடி, "அந்..."

மிருதுளா ஓடிவந்து குனிந்தாள். "என்னப்பா? தண்ணியா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அவளைத் தாண்டிப் பிரமிளாவையே பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. அவசரப்படுத்தாதே என்று பிரமிளா சைகை காட்டினார். இருவரும் காத்திருந்தார்கள். கீழே யாரோ மோட்டார் போட்டார்கள், தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. நெற்றியில் வியர்வை அரும்ப, ஒவ்வொரு எழுத்தையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருகிறவரைப் போல அவர் அதைச் சொல்லி முடித்தார்.

"அந்த... அம்மா... எப்படி... இருக்காங்க?"